சாம்பல் மேட்டில் பூத்த ஜிப்சோபிலா

என் வீட்டு முன்றிலில் இப்போது ஐந்து பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. சென்ற மாசி மாதம் வரையில் ஆறு இருந்தன. ஒன்று எனக்குரியது; பெயர், பட்டம், ஓய்வுபெற்ற பாடசாலைப் பிரதி அதிபர் என்ற விபரம் ஆகியவை அதில் உள்ளன. ஏனையவை செடிகளுக்குரியவை. ஒவ்வொன்றின் தாவரவியற் பெயரையும் நானே தூரிகையால் எழுதி, மழையில் அழியாதவாறு வார்னிஷ் பூசி நட்டிருக்கிறேன். நோர்வூட் கடைத்தெருவிலிருந்து மேலேறும் பாதையில் போவோர் நின்று அவற்றை வாசித்துவிட்டுப் போவதுண்டு. வாசித்துவிட்டுச் சிரிக்கிறார்கள் என்பது என் மனைவியின் கருத்து. அதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

ஆறாவது பலகை என்ன ஆயிற்று என்பது குறித்து ஊரில் ஏற்கெனவே மூன்று விதமான கதைகள் உலவுகின்றன. நான்காவதாவது சரியாக இருக்கட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கொழும்பில் வேலை பார்க்கும் என் மகளுக்கு மாசி மாதத்துக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளவத்தையில் சொந்த வீடு உடையவர்கள், துணி வியாபாரம், பேச்சில் நிதானமும் நடையில் அடக்கமும் கொண்டவர்கள். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் தாயார் என் வீட்டுக் கூடத்தில் இருந்த புத்தக அலுமாரியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உங்க குடும்பம் பூராவும் படிச்சவங்களா சேர்?" என்று கேட்டார். நான், "பரம்பரையாக ஆசிரியர் குடும்பம்" என்றேன்.

சொன்னது பொய் என்று யாரும் நிறுவ முடியாது. நான் ஆசிரியன், என் மனைவி ஆசிரியை. பரம்பரை எங்கேனும் ஓரிடத்தில் தொடங்கத்தானே வேண்டும்? அது என்னிடத்தில் தொடங்கியது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. என் தந்தையார் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர், தாயார் கொழுந்து எடுத்தவர் என்பதையும், எனக்கு நான்கு வயது மூத்த அக்கா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கூடையைத் தலையில் மாட்டியதனால்தான் நான் கல்லூரி விடுதிக்குப் போக முடிந்தது என்பதையும், அந்த அக்கா இன்றும் என் வீட்டிலிருந்து இருபது நிமிட நடைத் தூரத்தில், நாங்கள் பிறந்த அதே லயத்து வரிசைவீட்டின் கடைசிக் காம்பராவில் வசிக்கிறாள் என்பதையும், அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேளாத வினாவுக்கு விடை எழுதுகிறவனுக்குப் புள்ளி இல்லை என்று மாணவர்களுக்குச் சொல்லிப் பழகியவன் நான்.

பெண் பார்க்க வந்த அந்த நாளுக்கு அக்காவை நான் அழைக்கவில்லை. "வீடு சிறியது, கூட்டம் அதிகம், நீ மறுநாள் வா" என்று சொல்லியனுப்பினேன். அவள் மறுநாள் வந்தாள். மிஞ்சிய லட்டில் இரண்டைத் தின்றுவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்தபடி கேட்டாள்:

"வந்தவங்க என்ன தம்பி, வெள்ளைக்காரங்களா?"

"ஏன் அப்படிக் கேக்குற?"

"இல்ல, நான் வந்தா பயந்துருவாங்கன்னு நெனச்சியோ என்னமோன்னு கேட்டேன்."

நான் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டேன். அது முந்தைய நாள் பத்திரிகை என்பதை என் மனைவி பிறகு சொன்னாள்.

பூ விடயம் மகள் வாயிலிருந்து வந்தது. இக்காலத்து மணப்பெண்கள் மல்லிகையை நாடுவதில்லை போலும். கொண்டையைச் சுற்றிச் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்களைப் புகைபோல் செருகிக்கொள்கிறார்கள். அதற்கு ஜிப்சோபிலா என்று பெயர். கைப்பேசியில் படம் காட்டினாள். நுவரெலியாப் பூக்கடையில் சொல்லி வைத்தால் கொண்டுவந்து தருவார்கள் என்றாள்.

"கடைப் பூவா?" என்றேன். "என் மகளின் தலைக்கு என் தோட்டத்துப் பூதான் ஏறும்."

என் இளமையில், துரையின் பங்களாத் தோட்டத்தில் இதே பூவைப் பார்த்திருக்கிறேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே செல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. அந்தப் பூ என் முன்றிலில் பூத்து, அதைப் பறித்து என் மகளின் தலையில் வைப்பது வெறும் அலங்காரம் மட்டும் அல்ல என்பதை நான் எவரிடமும் விளக்கவில்லை. ஆனால் பூவைப் பற்றி எல்லாரிடமும் சொன்னேன். அழைப்பிதழ் கொடுக்கப் போன ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் குடித்து முடிந்ததும், "மணப்பெண்ணுக்குரிய பூ நம் தோட்டத்திலேயே வளர்கிறது" என்று சேர்த்துக்கொண்டேன். சம்பந்தி அம்மாளிடம் தொலைபேசியில் இருமுறை சொன்னேன். அப்போது விதை இன்னும் முளைத்திருக்கவில்லை.

கார்த்திகைத் தொடக்கத்தில் நுவரெலியாவில் விதைப் பைகள் வாங்கி வந்து, தட்டில் விதைத்தேன். ஒரு வாரத்தில் முளைத்தன. அடுத்தது மண். இங்கேதான் என் கல்வி முழுவதும் எனக்கு எதிராக அணிவகுத்து நின்றது.

எங்கள் பக்கத்தில் நல்ல மண் என்றால் ஒன்றே ஒன்றுதான்: தேயிலை விரும்பும் மண். நூற்றைம்பது ஆண்டுகளாக எங்கள் ஆட்கள் மண்ணை எடுத்து முகர்ந்து, விரலில் நசுக்கி, நல்லது கெட்டது சொன்னதெல்லாம் தேயிலையின் நாக்கைக் கொண்டுதான். அந்த வழக்கம் எனக்குள்ளும் இருந்தது. தோட்டத்துக் கண்டாக்கு, அதாவது தேயிலைமலை வேலையை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தர், என் பழைய மாணவர். அவரிடம் சொல்லி, தேயிலை நாற்றுமேடைக்கென்று சலித்து வைத்த கருமண்ணில் எட்டு மூட்டை வரவழைத்தேன். அதனோடு தேயிலைக்குப் போடும் உரத்தையும் அளவாகக் கலந்தேன். பாத்தி கட்டினேன். பலகை எழுதினேன். தழைத்த நாற்றுகளைத் தேர்ந்து நட்டேன்.

மிஞ்சிய நோஞ்சான் நாற்றுகளைக் கொட்டப் போகும் நேரத்தில் அக்கா வந்தாள். பாத்தியை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, இந்தப் புல்லுக்கா இம்புட்டு அலங்காரம்?"

"புல்லு இல்ல அக்கா. பூ. கல்யாணத்துல புள்ள தலையில வைக்கிறதுக்கு."

என் மனைவி கைப்பேசியை எடுத்து வந்து படத்தைக் காட்டினாள். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பொரி மாதிரில்ல இருக்கு. இதத் தலையில வச்சா ஈரு அப்பிக் கெடக்குற மாதிரி இருக்காது?"

"மதினி, மெதுவாச் சொல்லுங்க. அவரு ஊர் பூராவும் சொல்லி வச்சிருக்காரு" என்றாள் மனைவி.

"சரி சரி. கொட்டப்போற நாத்த எனக்குக் குடுங்க. பொழுதுபோக்கா லயத்துப் பின்னால குத்தி வைக்கிறேன்."

"அங்க மண் ஏது? சாம்பல் மேடுதான் இருக்கு" என்றேன்.

"சாம்பலுக்கென்ன, அதுவும் சாமி நெத்தியில இருக்குறதுதானே."

நாற்றுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். என் தரத்துக்குத் தேறாதவற்றை ஏழைகளுக்கு வழங்கியதில் ஏற்படும் நிறைவு எனக்கும் ஏற்பட்டது என்பதை மறைக்கப் போவதில்லை.

மார்கழி முடிவதற்குள் என் பாத்திச் செடிகளின் இலை மஞ்சளாயிற்று. பிறகு நுனி கருகிற்று. நீர் குறைவு என்று நினைத்து நீர் ஊற்றினேன். நீர் மிகுதி என்று நினைத்து நிறுத்தினேன். உரம் போதாது என்று நினைத்து, இன்னும் ஒரு பிடி போட்டேன். அதன் பிறகு அவை கருகுவதில் தாமதம் செய்யவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒவ்வொரு நாள் காலையிலும் வேலிக்கு மேலாக எட்டிப் பார்ப்பவர்.

"சேர், உங்க புள்ளைங்க இந்த முறை பரீட்சையில தோத்த மாதிரித்தான் தெரியுது."

"பெறுபேறு இன்னும் வரவில்லை" என்றேன்.

"வராமலே தெரியுதுங்களே."

அன்று மாலை என் மனைவி தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டாள்:

"ஏங்க, நீங்கதானே முப்பது வருசமா புள்ளைங்களுக்கு நீல லிட்மஸ், செவப்பு லிட்மஸ்னு கத்துக் குடுத்தீங்க? அந்தத் தாளு ஒன்னுமே வீட்டுல இல்லையா?"

இருந்தது. மேசையின் கீழறையில், நான் ஓய்வு பெற்ற நாளில் ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் நினைவுப் பொருளாகத் தந்த சிறு பெட்டியில் இருந்தது. பாத்தி மண்ணை நீரில் கலக்கி நீலத் தாளை நனைத்தேன். நான் கண்ணிமைப்பதற்குள் அது சிவந்தது. தேயிலை அமில மண்ணை விரும்பும் தாவரம் என்று எத்தனை கரும்பலகைகளில் எழுதியிருக்கிறேன்! ஜிப்சோபிலா என்ற பெயரின் பொருளே சுண்ணாம்பை விரும்புவது என்பதுதான். அந்தப் பெயரை எழுத்துப்பிழை இன்றி எழுதி, வார்னிஷும் பூசி, தேயிலை மண்ணின் நடுவே நாட்டியவன் நான். விதைப் பையின் பின்புறத்திலும் அது பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்ததாகப் பிறகு அறிந்தேன். விதைப் பையைப் படிப்பதற்காக நான் கல்லூரிக்குப் போகவில்லை என்ற எண்ணம் அப்போது எனக்கு இருந்திருக்க வேண்டும்.

தை மாதக் கடைசியில் பாத்தியில் உயிரோடு நின்றது பலகை மட்டுமே.

நுவரெலியாப் பூக்கடைக்கு இரகசியமாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். பெட்டி பின்வாசல் வழியாக வந்திறங்கும்; முன்வாசல் வழியாக நான் ஒரு கத்தரிக்கோலோடு நடப்பேன்; மற்றதைப் பார்ப்பவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். திட்டம் இந்த நிலையில் இருக்கும்போது சம்பந்தி அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். திருமணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஹட்டனுக்கு வந்து தங்கப் போவதாகவும், வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னார்.

"உங்க தோட்டத்தப் பாக்கத்தான் சேர். நீங்க சொல்லிச் சொல்லி எனக்கு அந்தச் செடியையே பாக்கணும்னு ஆசையாப் போச்சு."

தொலைபேசியை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். பூ பொய்த்தது வெளிப்பட்டால், தோட்டம் பற்றிச் சொன்னதில் இவ்வளவு பொய் இருக்குமானால் குடும்பம் பற்றிச் சொன்னதில் எவ்வளவு இருக்கும் என்று அவர்கள் எண்ணத் தொடங்குவார்கள். ஓர் இழை உருவினால் மொத்தத் துணியும் பிரிந்துவிடும் என்பது துணி வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. திருமணம் நிற்காது என்று என் மனைவி சொன்னாள். நிற்பதல்ல என் கவலை. என் மகள் அந்த வீட்டில் காலம் முழுவதும் பொய்யனின் மகளாக உட்கார்ந்திருக்க வேண்டுமா என்பதே.

"மதினி வீட்டுப் பக்கம் போயிப் பாத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"எதுக்கு?"

"போயிப் பாருங்களேன்."

லயத்துக்கு நான் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாகப் போனது ஒரு மரண வீட்டுக்கு. கடைசிக் காம்பராவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். தலைமுறை தலைமுறையாக அடுப்புச் சாம்பலைக் கொட்டிக் கொட்டி மேடாகிப்போன இடம் அது. கவ்வாத்து வெட்டியபின் மிஞ்சும் தேயிலைக் கிளைகளை மிலாறு என்போம். எங்கள் அடுப்பெல்லாம் எரிந்தது அதில்தான். லயத்துச் சுவருக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பும் அங்கேதான் கொட்டப்படும். அந்த மேட்டின் ஒரு பக்கம் முழுவதும், நான் தேறாதவை என்று ஒதுக்கிய நாற்றுகள் இடுப்பளவு உயர்ந்து, இலை தெரியாமல் பூத்துக் கிடந்தன. காலை மூடுபனி இறங்கி வந்து அந்த ஓரிடத்தில் மட்டும் எழுந்திருக்க மறந்துவிட்டது போலிருந்தது. நடுவில் இரண்டு கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

அக்கா வாசற்படியில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வா தம்பி. வழி ஞாபகம் இருந்துச்சா?"

எனக்குரிய தோரணையில் பேசத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்தில் அது கலைந்தது. பாத்தி கருகியது, சம்பந்தி வருவது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"இப்ப என்ன செய்யணும்கிற?"

"பூத்த செடியா கொஞ்சம் வேரோட தோண்டி, என் பாத்தியில வச்சுடலாம்னு..."

"தோண்டுனா ரெண்டு நாள் தாங்காது. தெரியும்ல?"

"ஒரு நாள் போதும்."

"உனக்கு எப்பயுமே ஒரு நாள் போதும்" என்றாள். கீரைத் தண்டை ஒடித்து முறத்தில் போட்டாள். "சரி. அன்னைக்கு வெளிச்சம் வந்ததும் நானே கொண்டாறேன். நீ இங்க தோண்டிக்கிட்டு நின்னா லயமே வேலைக்குப் போகாது. வேடிக்கை பாக்க நின்னுரும்."

குறித்த நாள் காலை ஏழு மணிக்கு அக்கா வந்தாள். பழைய கொழுந்துக் கூடையை முதுகில் போட்டு, கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டியிருந்தாள். கூடை நிறைய வேரும் சாம்பலுமாக ஜிப்சோபிலா. எழுபத்தைந்து வயதில் ஏற்றத்தில் இளைக்காமல் வந்தாள். இருவருமாகப் பாத்தியில் குழி பறித்து வைத்தோம். எட்டரை மணிக்கு அது உண்மையிலேயே ஒரு தோட்டமாகத் தோன்றிற்று. தபாலதிபர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, வாயைத் திறந்து, எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அவரை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஒன்பது மணிக்குள்ள நீ கெளம்பிடு அக்கா. உனக்குக் களைப்பா இருக்கும்" என்றேன்.

"களைப்பெல்லாம் இல்ல. ஆனா கெளம்புறேன்" என்றாள். காரணம் அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவள் கூடையை முதுகில் ஏற்றிக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது வாசலில் வேன் வந்து நின்றது. மணி எட்டே முக்கால். கொழும்புக்காரர்கள் நேரத்துக்கு முன் வருவார்கள் என்பதை நான் எந்தக் கணக்கிலும் சேர்த்திருக்கவில்லை.

சம்பந்தி அம்மாள் இறங்கி நேரே பாத்திக்கே வந்தார். "எவ்வளவு வடிவா இருக்கு!" என்றார். பிறகு கூடையோடு நின்ற அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். "இவங்க?"

"இவங்க..." என்றேன்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு எந்தச் சொல்லும் கிடைக்கவில்லை. மேடைகளில் ஒரு மணி நேரம் குறிப்பின்றிப் பேசியவன். அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்த நாளிலும் அவள் இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது.

"பூ கொண்டாந்த ஆளுங்கம்மா" என்றாள். "வேல முடிஞ்சுது. நான் வாறேன்."

நான் மறுக்கவில்லை. இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆயினும் சரியான கதை என்று தொடக்கத்தில் சொல்லிவிட்டேன். நான் மறுக்கவில்லை. தலையை இலேசாக அசைக்கவும் செய்தேன்.

அக்கா வாசல் கேற்றை நோக்கி நாலு அடி வைத்திருப்பாள். சம்பந்தி அம்மாள் பட்டுச் சேலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு பாத்தியோரம் குந்தி, செடியின் அடியில் இருந்த சாம்பலைக் கிள்ளி இரு விரலால் தேய்த்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, தமக்குள் பேசிக்கொள்வதுபோல, "இது மிலாறுச் சாம்பல்ல?" என்றார்.

சொன்ன பிறகே அவர் சொன்னது அவருக்குக் கேட்டது போலும். வேன் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய மைத்துனர் குடும்பத்தார் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் செவிடனாக முடிவு செய்தேன்; அத்தகைய தருணங்களில் நல்ல வளர்ப்புள்ளவர்கள் செய்வது அதுதான். ஆனால் அக்கா கேற்றடியில் நின்றுவிட்டாள். மலைநாட்டில் பிறந்த எவரும் முதலில் கேட்கும் கேள்வியை அவள் கேட்டாள்:

"அம்மா எந்தத் தோட்டங்க?"

சம்பந்தி அம்மாள் எழுந்து நின்றார். குரலை மிகவும் தாழ்த்தி, "வட்டவளப் பக்கம்" என்றார். "லயத்துலதான் பொறந்தேன். பன்னெண்டு வயசு வரைக்கும் நான்தான் அடுப்புச் சாம்பல் அள்ளுவேன். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். மத்தவங்களுக்கு... யாரும் கேக்கல. நானும் சொல்லல."

கேளாத வினாவுக்கு விடை எழுதாத இன்னொருவர். அவருக்கும் நான் முழுப் புள்ளி கொடுத்திருப்பேன்.

அப்போதுதான் என் வாய் திறந்தது.

"இவங்க எங்க அக்கா" என்றேன். "கூடப் பிறந்த அக்கா."

அதைத் துணிவு என்று எவரேனும் கொள்வார்களானால் நான் திருத்த வேண்டியவனாகிறேன். ஆபத்து நீங்கிவிட்டது என்று உறுதியான பிறகு சொன்ன சொல் அது. அக்காவுக்கும் அந்த வரிசை தெளிவாகவே தெரிந்திருந்தது.

"ஆமாங்கம்மா, அக்காதான்" என்றாள். "தம்பிக்கு இப்பதான் ஞாபகம் வந்திருக்கு. வயசாச்சுல்ல."

சம்பந்தி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் மனைவி உள்ளேயிருந்து வந்து, அக்காவின் தலையிலிருந்து கயிற்றைக் கழற்றிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு பெண்களையும் கூடத்துக்கு அழைத்துப் போனாள். நான் வேனில் வந்த ஆண்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினேன். ஒருவர் பலகையை வாசித்துவிட்டு, "பெயர் எழுதினது யார்?" என்று கேட்டார். அன்று நான் கூசாமல் சொல்லக்கூடியதாக இருந்த ஒரே விடை அதற்குரியதே.

அவர்கள் போன பிறகு அக்கா கூடையை எடுத்துக்கொண்டு கேற்றடியில் நின்றாள்.

"கல்யாணத்துக்கு மறுநாள் வரச் சொல்லுவியா?"

"அக்கா..."

"மறுநாள் வரமாட்டேன். அன்னைக்கே வருவேன். புள்ள தலைக்குப் பூ நான்தான் வைப்பேன். மேடு பூராவும் இன்னும் கெடக்கு."

"வா" என்றேன். வேறு சொல் இல்லை என்பதற்காக மட்டும் அல்ல.

பாத்தியில் வைத்தவை அன்று மாலையே தலை கவிழ்ந்தன; என் பொய்யின் ஆயுளை அவை சரியாக அளந்து வைத்திருந்தன. திருமண நாள் விடியற்காலையில் அக்கா மேட்டில் நின்று, கொழுந்து எடுப்பதுபோல இரு கையாலும் பூங்கொத்துகளை ஒடித்துத் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிந்தாளாம். பூக்கடைக்காரர் எவரேனும் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கியிருப்பார். ஆனால் ஹட்டன் மண்டபத்தில் என் மகளின் கொண்டையில் அவை இருந்த அழகை நான் வருணிக்கப் போவதில்லை. ஈரைப்போல இருக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். அக்கா நீலச் சேலை உடுத்தி முன்வரிசையில் சம்பந்தி அம்மாளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிச் சிரித்தபடி இருந்தார்கள். எதைப் பற்றி என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

பந்தியின்போது தபாலதிபர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் பழைய சகபாடிகள், கோவில் குழுவினர், என் பழைய மாணவர்கள்.

"சேர், பூ பிரமாதம். அன்னைக்கு நான் பேசினத மன்னிக்கணும். எந்த மண்ணு போட்டீங்க?"

மேசை முழுவதும் விடைக்காகக் காத்திருந்தது. என் தோட்டத்து மண் என்று சொல்லியிருக்கலாம், அவர்கள் நம்பியிருப்பார்கள். அக்கா அமர்ந்திருந்த முன்வரிசை அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

"என் தோட்டத்தில் ஒரு செடியும் பிழைக்கவில்லை" என்றேன். "இது என் அக்கா வீட்டு மண். லயத்துப் பின்பக்கம். நான் பிறந்த லயம்."

நாற்பது ஆண்டுகளாகக் கட்டிக் காத்த ஒன்றை இலையோரத்தில் வைத்துவிட்டதாக நினைத்து, அடுத்து வரப்போகும் மௌனத்துக்கு என்னை ஆயத்தப்படுத்திக்கொண்டேன். தபாலதிபர் பாயாசத்தை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"அது தெரியுமே சேர்" என்றார். "நீங்க காலேஜில இருந்து அந்த லயத்து நம்பர் போட்டு எழுதின கடிதம் எல்லாத்துக்கும் நான்தானே முத்திர குத்தினேன். உங்க அக்காவ இந்த நோர்வூட்டுல யாருக்குத் தெரியாது?"

"எங்க பூட்டி செத்தப்ப ஒப்பாரி வச்சதே அவங்கதான்" என்றார் கோவில் குழுச் செயலாளர். அதற்குள் சோறு கேட்டு ஒருவர் கூப்பிட, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இவ்வாறாக, நான் நாற்பது ஆண்டுகள் காவல் இருந்த வீட்டுக்குக் கதவே இல்லை என்பதை என் மகளின் திருமணப் பந்தியில் அறிந்துகொண்டேன். எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருப்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதை ஒருவரும் ஒருநாளும் எனக்குக் காட்டியதில்லை. அது மரியாதையா, இரக்கமா என்பதை ஆராய்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

இந்தக் கார்த்திகையில் மீண்டும் விதைத்திருக்கிறேன். சாம்பலை நானே லயத்திலிருந்து உரப்பையில் சுமந்து வருகிறேன். வழியில் பார்ப்பவர்கள் என்னவென்று கேட்பதில்லை; கேட்டால் சாம்பல் என்று சொல்வதற்கும் ஆயத்தமாகவே இருக்கிறேன், கல்சியம் காபனேற்று என்றும் சேர்த்துச் சொல்வேன். நாலு செடி தப்பியிருக்கிறது. போதாது என்கிறாள் அக்கா.

ஆறாவது பலகையைப் பிடுங்கிக்கொண்டுபோய், உரிய இடமான சாம்பல் மேட்டில் நானே நட்டேன். லயத்துக்காரர்கள் கூடி நின்று பார்த்தார்கள். தாவரவியற் பெயரை அக்காவுக்கு ஒருமுறை வாசித்தும் காட்டினேன். கேட்டுக்கொண்டாள். மறுவாரம் போனபோது, பலகைக்கும் கொய்யா மரத்துக்கும் இடையில் கயிறு கட்டித் துணி உலர்த்தியிருந்தாள். பலகை நன்றாகத் தாங்குகிறது என்று பாராட்டினாள்.